சூடேறியதும் நின்றுவிடும் பழைய கார்: டிஸ்ட்ரிபியூட்டரில் எதைப் பார்ப்பது?

காரைக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: தந்தை விட்டுச்சென்ற, கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் கார் காலையில் உடனே கிளம்புகிறது, திருப்பத்தூர் சாலையில் குன்றக்குடியைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலை மாற்றியும் பயனில்லை. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர்; பாயிண்டே (மின்சுற்றைத் திறந்து மூடும் தொடுமுனை) இல்லாத எலக்ட்ரானிக் வகையில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

பாயிண்ட் வைத்த வகையில், பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் காயிலின் முதல்நிலைச் சுற்றில் ஓடும் மின்னோட்டம் துண்டிக்கப்படுவதால், இரண்டாம்நிலைச் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. எலக்ட்ரானிக் வகையில் துண்டிக்கும் வேலை மட்டுமே மாறியிருக்கிறது. எஞ்சினின் பாதி வேகத்தில் சுழலும் தண்டில் பல் சக்கரம் ஒன்று இருக்கும். சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள அதன் பற்கள் பிக்கப் காயிலைக் கடக்கும்போது எழும் சிறு மின்துடிப்பைக் கொண்டு மாட்யூல் என்ற மின்னணுப் பகுதி அந்த மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. சுழன்று பொறியைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டர், மூடி, வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்தள்ளும் எடைகள் எல்லாம் பழையபடியேதான்.

நீங்கள் சொல்லும் அறிகுறியைக் கண்டால் நான் முதலில் சந்தேகிப்பது மாட்யூலை, அடுத்துப் பிக்கப் காயிலை. ஆயினும் சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்தாலும் கார் இப்படித்தான் நிற்கும் என்பதால், நின்ற இடத்திலேயே, ஆறுவதற்கு முன், தீப்பொறி வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். உபரி பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினை அழுந்தத் தொடும்படி வைத்து, ஒருவரைச் சாவி போட்டு எஞ்சினைச் சுழற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது. ஒயரைக் கையால் பிடிக்காதீர்கள். தொங்கவும் விடாதீர்கள், அது மாட்யூலையே கெடுத்துவிடும்.

பொறி வந்தால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். வராவிட்டால், பிக்கப் காயிலின் ஓம் அளவைச் சூட்டில் ஒருமுறையும் ஆறிய பின் ஒருமுறையும் மல்டிமீட்டரில் எடுங்கள். சூட்டில் மட்டும் இணைப்பு அறுந்ததாகக் காட்டினால் கோளாறு அதில்தான். அளவு சரியாக இருந்தால் மாட்யூலைக் கழற்றி அடிப்பகுதியைப் பாருங்கள். மாட்யூலின் சூட்டை அது பொருத்தப்பட்டிருக்கும் உலோகத்துக்குக் கடத்தும் வெள்ளைப் பசை பல மாட்யூல்களுக்கு உண்டு. அது காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பசையில்லாமல் பொருத்தினால் புது மாட்யூலும் வெந்துவிடும்.

மூடியைத் திறக்கும்போதே உள்ளே படிந்த செம்மண் தூசியைத் துடைத்து, பென்சில் கோடுபோல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால் மூடியை மாற்றிவிடுங்கள். பல்லுக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியைக் காந்தம் இழுக்காத பித்தளைத் தகட்டால் அளக்க வேண்டும். ஜப்பானிய வகைகள் பலவற்றில் அது 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர், உங்கள் காருக்குக் கையேடு சொல்வதே சரி. டிஸ்ட்ரிபியூட்டரை முழுதாகக் கழற்ற நேர்ந்தால், ரோட்டர் நோக்கும் திசையை முன்பே குறித்துக்கொண்டு, மாட்டிய பின், பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்துச் சரிபாருங்கள்.