கணக்கு வருகிறது, பிடிக்கிறதா?

கேள்வி: கணக்கில் எப்போதும் நூற்றுக்கு நூறுதான். ஆனால் தேர்வு முடிந்தால் அந்தப் புத்தகத்தைத் தொடவே தோன்றாது. வரலாறு என்றால் நேரம் போவதே தெரியாமல் படிப்பேன். மதிப்பெண் எழுபதைத் தாண்டாது. "நல்ல மூளையை வீணாக்காதே, கணக்கையே எடு" என்கிறார்கள் வீட்டில். மேற்படிப்புக்கு எதை எடுப்பது?

பதில்: அன்பு மகளே,

நூறு வாங்கும்போது வரும் சந்தோஷம் கணக்கால் வருகிறதா, பாராட்டால் வருகிறதா? சின்ன வயதிலிருந்தே பாராட்டு வாங்கிய பாடத்தில் இதைப் பிரித்தறிவது கஷ்டம். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிக் குழந்தைகள் சிலரிடம், 'வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று முன்பே சொல்லி வரையவைத்தார்கள். பிறகு பரிசுப் பேச்சே இல்லாதபோது கவனித்தால், மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். உனக்கும் அப்படி நடந்திருக்கலாம். அதனால் கணக்கு பிடிக்காது என்று இப்போதே முடிவுகட்டிவிடாதே.

மதிப்பெண் இல்லாத கணக்கு ஒன்றைப் போட்டுப் பார். ஓர் ஆற்றுக்கு இரண்டு கரை, நடுவில் இரண்டு தீவு. முதல் தீவிலிருந்து ஒவ்வொரு கரைக்கும் இரண்டு பாலம், அடுத்த தீவுக்கு ஒன்று. அந்தத் தீவிலிருந்து ஒவ்வொரு கரைக்கும் ஒன்று. ஆக ஏழு பாலம். எந்தப் பாலத்தையும் இரண்டாம் முறை மிதிக்காமல் ஏழு பாலத்தையும் கடக்க முடியாது என்று 1730-களில் ஆய்லர் என்ற கணித மேதை நிறுவினார். ஏன் முடியாது? விடையைத் தேடிப் படிக்காதே, தாளில் வரைந்து யோசி. மறுநாள் பல் தேய்க்கும்போதும் அது மனதில் ஓடினால், உனக்குக் கணக்கு பிடிக்கும், அலுத்துப்போனது தேர்வுதான். பத்து நிமிடத்தில் தாளை மூடிவிட்டு அப்பாடா என்றிருந்தால், அதையும் நம்பு.

வரலாற்றையும் சும்மா விடாதே. கதையாகப் படிப்பது சுகம்தான், ஆனால் பாடம் அதோடு நிற்பதில்லை. ஒரே போரைப் பற்றி இரு தரப்பும் எழுதியதை எடுத்துக்கொண்டு, யார் சொல்வதை எதனால் நம்பலாம் என்று ஒரு பக்கம் எழுதிப் பார். அந்த வேலையும் ருசித்தால் எழுபதைப் பற்றிக் கவலை வேண்டாம். கேள்விக்குப் பொருந்த விடை எழுதுவது பழக்கத்தில் வந்துவிடும். ஆசையை அப்படிப் பழக்கிக் கொண்டுவருவது எனக்குத் தெரிந்தவரை ரொம்பக் கடினம்.

வீட்டில் "கணக்கு வேண்டாம்" என்று ஆரம்பிக்காதே, வீண் சண்டையாகும். பழைய வரிக் கணக்குகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையும் வைத்து எழுதப்படும் பொருளாதார வரலாற்றுக்கு உன் கணக்கு அப்படியே உதவும் என்று சொல். இரண்டையும் சேர்த்துப் படிக்க இடம்தரும் பாடப்பிரிவு இருந்தால், விண்ணப்பத்தில் அதையே முதலில் எழுது.