யூரியா கரையும்போது வெப்ப மாற்றத்தை அளந்தால் புத்தக மதிப்பைவிடக் குறைவாகவே வருகிறதே, ஏன்?

நீங்களும் எவர்சில்வர் டம்ளரில்தான் செய்திருப்பீர்கள். நான் மாட்டியதும் அதில்தான்.

எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டம். மருந்து டேங்க்கில் ஊற்றுவதற்கு முன் ஒரு கிலோ யூரியாவை அரை பக்கெட் தண்ணீரில் கலக்குவோம், பக்கெட்டே சில்லென்றாகிவிடும். அதில் கைவிட்டு விளையாடி அப்பாவிடம் அடிகூட வாங்கியிருக்கிறேன். அதனால் கல்லூரி செய்முறையில் இது வந்தபோது கொஞ்சம் தெனாவட்டாகவே இருந்தேன்.

100 மில்லி தண்ணீரில் 12 கிராம் யூரியா, அதாவது 0.2 மோல். 28 டிகிரி 23 ஆனது. கரைசலின் எடை 112 கிராம் × தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி மாற்றத் தேவையான வெப்பம்) 4.18 × இறக்கம் 5 டிகிரி, சுமார் 2340 ஜூல். மோலுக்கு 11.7 கிலோஜூல். புத்தகத்தில் ஏறக்குறைய 15. சார் சிவப்பு மையில் அடித்துவிட்டார். சரியாக 15 வரும்படி பின்னாலிருந்து கணக்குப் போட்ட பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு முழு மதிப்பெண். இன்னும் எரிகிறது.

அந்த லீவில் வீட்டிலேயே செய்து பார்த்தேன். டம்ளர் தன் சூட்டையும் தண்ணீருக்குக் கொடுக்கிறது, வெளிச்சூட்டையும் உள்ளே விடுகிறது. குருணை மெதுவாகக் கரைய, அதற்குள் கொஞ்சம் குளிர்ச்சி போய்விடுகிறது. யூரியாவைப் பொடித்து, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பேப்பர் கப், டிவி பெட்டியில் வந்த தெர்மாகோலில் ஒரு மூடி. கலக்கிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒரு முறை டிஜிட்டல் தெர்மாமீட்டரைப் பார்த்துக் குறித்து, வரைபடம் போட்டேன். அடிமட்டத்துக்குப் போய்விட்டு மறுபடி ஏறும் கோட்டை, யூரியா போட்ட நொடிவரை பின்னால் நீட்டினால் இறக்கம் 6.2 டிகிரி. மோலுக்கு 14.5!

வயல் யூரியாவில் வேப்பெண்ணெய்ப் பூச்சு இருக்கிறது, கரைசலின் தன்வெப்பம் 4.18 இல்லை என்று யாராவது வருவீர்கள். தெரியும். ஆனால் 11.7-க்குக் காரணம் அவை இல்லை. இரண்டு முறையும் எங்கள் வீட்டு மூட்டை யூரியாதான், அதே 4.18தான்.

மூட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. 50 கிலோவாக இருந்ததை 45 ஆக்கினார்கள், போகட்டும். இப்போது யூரியா கேட்டால் கூடவே ஒரு நுண்ணூட்டப் பாக்கெட்டையும் வாங்கினால்தான் பில் போடுவேன் என்கிறார் கடைக்காரர். அப்படி வந்த நாலு பாக்கெட் மோட்டார் ரூமில் பிரிக்காமலே கிடக்கிறது.