சிரிப்பு வந்து சேரும் நேரம்

வணக்கம் ஐயா,

என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். தினமும் ராத்திரி வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசிவிடுகிறோம். எல்லாம் செயற்கைக்கோள் செய்த உபகாரம். ஆனால் என் நண்பர், உலகம் நெருங்கிவிட்டது என்பதெல்லாம் வெறும் பேச்சு என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நெருங்கித்தான் இருக்கிறது. அதற்கு முன் ஒரு திருத்தம். உங்கள் மகளின் முகம் பெரும்பாலும் கடல் வழியாகத்தான் வருகிறது. கண்டம் விட்டுக் கண்டம் போகும் தகவலில் 95 சதவீதத்துக்கும் மேல் கடலடி கேபிள்களில் போகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் அளவு பருமன், உள்ளே தலைமுடி போலக் கண்ணாடி இழைகள், அவ்வளவுதான்.

1858இல் அட்லாண்டிக்கின் அடியில் முதல் தந்திக் கேபிள் போட்டபோது விக்டோரியா மகாராணியின் 98 சொல் செய்தி அக்கரை சேர சுமார் 16 மணி நேரம் ஆனது, மூன்றே வாரத்தில் அந்தக் கேபிளும் செத்துப்போனது. அப்புறம் செயற்கைக்கோள் வந்தது. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் கோள் வழியாகப் பேசினால், நாம் சொன்னது போய்ப் பதில் திரும்ப அரை நொடி ஆகும். அரை நொடிதானே என்று தோன்றும். அந்தக் காலத்தில் அப்படிப் பேசியவர்களைக் கேட்டுப் பாருங்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, இரண்டு பேரும் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்லை, நீங்க சொல்லுங்க" என்று பாதி நேரம் அதிலேயே போய்விடும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அதனால்தான் நீங்கள் ஒன்றைச் சொல்லி வாய் மூடுவதற்குள் உங்கள் மகள் சிரிக்கிறாள். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் வந்து விழுகிறதே, நெருக்கம் என்று நான் சொல்வது அதைத்தான். (தாழ்வாகச் சுற்றும் இன்றைய கோள்களில் தாமதம் குறைவு, சரி. ஆனால் கேபிள் சுமக்கும் அளவை அவற்றால் சுமக்க முடியாது.)

உலகில் 200 கோடிக்கும் அதிகமானோருக்கு இன்னும் இணையமே இல்லை. உங்கள் நண்பர் இதை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் அவர் கோபம் நியாயமானது, நானும் அவர் பக்கம்தான்.

மற்றபடி அவரிடம் டோங்காவைப் பற்றிச் சொல்லுங்கள். பசிபிக்கில் சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் தீவு நாடு. 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்ததில், அந்த நாட்டை வெளியுலகோடு இணைத்த ஒரே கேபிள் அறுந்தது. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த பிள்ளைகளுக்கு, அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளவே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கப்பல் ஒன்று வந்து, சிதைந்த கேபிளைக் கடலிலிருந்து தூக்கி, புதுத் துண்டுகள் சேர்த்து ஒட்டி முடிக்க ஐந்து வாரங்களுக்கு மேல் ஆனது. அந்த ஐந்து வாரம் அவர்களுக்கு உலகம் எவ்வளவு தூரமாக இருந்திருக்கும் என்று உங்கள் நண்பரைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.