பல்லாவரத்துல பாக்க ஒண்ணுமே இல்லன்னு பசங்க சொன்னா என்ன பண்றது?

பம்மல்லேருந்து ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க: "எட்டாம் வகுப்பு பசங்கள பல்லாவரம் கூட்டிட்டுப் போனேன், கற்காலக் கோடாரி கெடச்ச ஊருன்னு சொன்னா சுத்தி வீடும் ரோடும்தான் இருக்கு, பசங்க நம்பவே இல்ல. ஸ்கூல்ல கண்ணுல மாட்டிப் பாக்கற விஆர் ஹெட்செட் வாங்கலாம்னு சொல்றாங்க, வாங்கலாமா?"

வேணாம் டீச்சர். ஒருத்தன் மாட்டிக்கிட்டா மீதிப் பேரு வரிசையில நிப்பாங்க, அதுலயும் கடைசியில ஞாபகம் இருக்கறது ஹெட்செட்தான், கல்லு இல்ல. அந்தக் கல்லதான் பசங்க கையில குடுக்கணும், அதுக்கு உங்க போனே போதும்: கல்ல சுத்திப் போட்டோ எடுத்து, திரையில திருப்பித் திருப்பிப் பாக்கற முப்பரிமாண மாடலா ஆக்கிடலாம்.

1863 மே 30, ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற புவியியல் ஆய்வாளர் பல்லாவரம் பரேடு மைதானத்துக்குப் பக்கத்துல சரளை தோண்டின குழியிலதான் அந்தக் கல்கருவிய எடுத்தாரு. அவர் சேத்து வச்சதுல பெரும்பகுதி பின்னாடி எழும்பூர் மியூசியத்துக்கு வந்துச்சு, பூண்டியிலயும் கற்கால மியூசியம் இருக்கு. போட்டோ எடுக்க ஸ்கூல் லெட்டர்பேடுல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கிடுங்க. கண்ணாடிக்கு வெளிய நின்னு எடுத்தா வெளிச்சம் அடிச்சு மாடல் கெட்டுப்போயிடும், அதனால வெளிய எடுத்து வைக்க முடியுமான்னும் அதுலயே கேட்டுடுங்க.

அதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற அம்மிக் குழவிய வச்சுப் பழகிக்கோங்க. நிழலான எடம், ஃபிளாஷ் வேணாம், பக்கத்துல ஒரு ஸ்கேல். கல்ல அசைக்காம நீங்கதான் சுத்தி வரணும், ஒரு போட்டோவுல தெரிஞ்சதுல முக்கால்வாசி அடுத்த போட்டோவுலயும் தெரியணும், ஏன்னா ரெண்டுலயும் இருக்கற ஒரே புள்ளிய கண்டுபிடிச்சுதான் சாஃப்ட்வேர் முப்பரிமாண மாடல கட்டுது. மேல ஒரு சுத்து, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு அறுபது எழுபது படம் எடுத்தா தாராளம். மெஷ்ரூம்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம்தான், ஆனா நல்ல கம்ப்யூட்டர் வேணும்.

மாடல் வந்ததும் வெளிச்சத்த பக்கவாட்டுல சாய்ச்சு வச்சுத் திருப்புங்க, கல்லத் தட்டிச் செதில் பேத்த பள்ளம் ஒவ்வொண்ணா நிழல் விழுந்து தெரியும். இதுல எது முதல் அடி, எது அதுக்கப்புறம்னு பசங்களையே கேளுங்க, பிந்தின பள்ளம் முந்தினத வெட்டிக்கிட்டுப் போகும், அவங்களே கண்டுபிடிச்சிடுவாங்க. நான் பாத்த வரைக்கும் "இத ஒரு ஆள் உக்காந்து செஞ்சிருக்கான்"னு பசங்களுக்கு உறைக்கறது இந்த எடத்துலதான்.

அடுத்து அதிரம்பாக்கம், திருவள்ளூர் மாவட்டத்துல கற்காலக் கருவிங்க கெடச்ச ஊரு. தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழு தோண்டினதுல அடி மண்ணுல கெடச்ச கருவிங்களுக்குக் குறைஞ்சது 15 லட்சம் வருஷம். அவங்க தோண்டினதுல மனுஷ எலும்பு எதுவும் கெடைக்கல, அதனால அந்தக் கால மனுஷன அனிமேஷன்ல காட்டி முகம் வரைஞ்சா "இது கற்பனை"ன்னு திரையிலயே எழுதிடுங்க, இத மட்டும் விட்டுடாதீங்க.

கல்லு கெடக்கற எடத்தோட துல்லியமான லொக்கேஷனையும் ஷேர் பண்ணாதீங்க, ஆளுங்க பொறுக்கிட்டுப் போயிடுவாங்க. எடத்த விட்டு எடுத்துட்டா எந்த மண் அடுக்குல இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

மாடலோட ஃபைல் சைஸ குறைச்சுட்டு, வகுப்புல யார் வீட்ல ரொம்பப் பழைய போன் இருக்கோ அதுல மொதல்ல திறந்து பாருங்க, அதுல ஓடினா எல்லார் போன்லயும் ஓடும்.