ஹெரால்டை அறுக்க வேண்டாம், மாப்பிள்ளை!

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கிறேன். வயது 38, ஐ.டி. வேலை. வாலாஜாபேட்டையில் மாமனார் வீட்டுக் கொட்டகையில் 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பதினைந்து வருடமாக நிற்கிறது. இரண்டு கதவு வண்டி, ஆர்.சி. புத்தகமும் இருக்கிறது. "எடுத்துக்கோங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டார். கூரையை எடுத்துவிட்டுப் பெரிய எஞ்சின் வைத்து, அமெரிக்க பாணியில் ஹாட் ராட் ரோட்ஸ்டர், அதாவது கூரையில்லாத வேக வண்டி, ஆக்க ஆசை. கையில் 6 லட்சம் ரூபாய். வெல்டிங் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்திலேயே வேலை செய்யலாம் என்று எண்ணம். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: முதலில் அந்த இரும்பு அறுக்கும் கிரைண்டரைக் கீழே வையுங்கள்.

உங்கள் ஆசையில் தப்பில்லை. வண்டியைத்தான் தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆனால் ஹெரால்டைப் பார்த்ததும் அந்த எண்ணம் ஏன் வந்தது என்று எனக்குப் புரிகிறது. அந்தக் காலத்து அம்பாசடர், ஃபியட் இரண்டிலும் பாடியே சேசிஸ். பாடியைத் தாங்கக் கீழே தனி இரும்புச் சட்டகம் கிடையாது. ஹெரால்டு அப்படியில்லை. கீழே தனிச் சேசிஸ், மேலே போல்ட் போட்டு மாட்டிய துண்டு துண்டான பாடி. இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி இதே வண்டியைத் திறந்த கூரையோடும் விற்றது. இதே சேசிஸைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையும் செய்தது. ஆக, கூரையை எடுத்தாலும் வண்டி உடைந்து விழாது.

சிக்கல் அரசாங்கச் சட்டத்தில் இருக்கிறது. 50 வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு மத்திய அரசு 2021இல் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. புதிதாகப் பதிவு செய்தால் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தினமும் அலுவலகத்துக்கு ஓட்ட முடியாது. பேரணி, கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும். உங்கள் ஹெரால்டுக்கு வயது தகுதி எப்போதோ வந்துவிட்டது. சேசிஸையோ பாடியையோ எஞ்சினையோ மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். மாற்றிய வண்டியைச் சாதாரணப் பதிவிலும் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில நேரம் இரண்டும் என்று வந்துவிட்டது. கூரை ஒரு மாற்றம், எஞ்சின் ஒரு மாற்றம், சக்கரம் ஒரு மாற்றம்... கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

எனவே உங்களுக்கு வேண்டியது இரண்டு வண்டி. ஹெரால்டு ஹெரால்டாகவே இருக்கட்டும். ஹாட் ராட் வேறொன்றில் பிறக்கட்டும். அதுவும் பொதுச் சாலைக்கு வராத வண்டியாக. தோட்டம், தனியார் இடம், அனுமதி கிடைத்தால் பந்தயத் தடம், இவ்வளவுதான் அதன் உலகம். இடம் மாற்ற வேண்டுமானால் லாரியில் ஏற்றித்தான். சர்ச் ஸ்ட்ரீட்டில் சனிக்கிழமை மாலை உலா வரும் கனவு இருந்தால், அதற்கு ஹெரால்டு போதும், அதுவும் ஏதாவது பேரணி நடக்கும் நாளில். இதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

ஹாட் ராட் என்றால் பெரிய எஞ்சின் என்று பலர் நினைக்கிறார்கள். 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவில் காய்ந்த ஏரிப்படுகைகளில் வண்டி ஓட்டிய இளைஞர்களிடம் பெரிய எஞ்சினுக்குக் காசு இல்லை. மலிவாகக் கிடைத்த ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ வண்டிகளை வாங்கி மட்கார்டு, கூரை, பம்பர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். எடை குறைந்தது, வேகம் கூடியது. 1932இல் ஃபோர்டு கொண்டுவந்த வி8 எஞ்சின், இன்றும் ஹாட் ராட் பிரியர்கள் கும்பிடும் அந்த எஞ்சின், கொடுத்தது வெறும் 65 குதிரைத்திறன். நம் ஊர் 1.3 லிட்டர் 16 வால்வு மாருதி ஜிப்ஸி 80 கொடுக்கிறது.

ஜிப்ஸியைச் சும்மா இழுக்கவில்லை. முதல் முறை கட்டுகிறவருக்கு நான் சொல்வது அதைத்தான். ஏணி வடிவச் சேசிஸ் இருக்கிறது. எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது, பின் சக்கரத்துக்கு இழுவை போகிறது. முன்னே டிஸ்க் பிரேக். பாடியைத் தூக்கிவிட்டால் மிச்சம் நிற்பது ஓடக்கூடிய ஒரு வண்டி. 'அம்பாசடரின் 1.8 இசுசு எஞ்சின் போடலாமே, ஐந்து கியர் வேறு' என்று யாராவது சொல்வார்கள். நல்ல எஞ்சின்தான், நானும் விரும்புவேன். ஆனால் அதற்குச் சேசிஸை நீங்களே பூஜ்யத்திலிருந்து கட்ட வேண்டும். அம்பாசடரின் முன் சஸ்பென்ஷன் அதன் பாடியோடு கலந்தது. கழற்றி வேறொன்றில் வைப்பது லேசில்லை. அது மூன்றாவது வண்டிக்கான வேலை.

பாடியே சேசிஸாக இருக்கும் வண்டியின் கூரையை அறுத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொந்தக் காசில் படித்தேன். இருபத்தைந்து வயதில், அல்சூரில் ஒரு சந்து, நண்பன் ஒருவன், பழைய பத்மினி ஒன்று. ஞாயிறு காலை கூரையை அறுத்தோம். மாலையில் கதவைத் திறந்தால் மூடவில்லை. பெட்டியின் மூடியைக் கிழித்தால் அட்டைப்பெட்டி தளர்ந்துபோவது போல நடுவில் தொங்கிவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கினோம், தட்டினோம், திட்டிக்கொண்டோம். கடைசியில் கிலோ கணக்கில் காயலான்கடைக்குப் போனது. நண்பன் இன்றும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

ஜிப்ஸியை வாங்கும்போது ஓடுகிற வண்டியாகவே வாங்குங்கள். சிவாஜிநகர் குஜரியில், அதாவது பழைய பாகச் சந்தையில், எஞ்சின் ஒரு கடையில், கியர்பாக்ஸ் ஒரு கடையில் என்று சேர்த்தால் மலிவு போலத் தெரியும். ஜிப்ஸியின் எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சினுக்கு அதன் கம்ப்யூட்டர், வயரிங், சென்சார், பெட்ரோல் பம்ப் எல்லாம் ஒன்றுக்கொன்று தெரிந்த ஒரே குடும்பமாக வர வேண்டும். ஒரு சென்சார் விட்டுப்போனாலும் ஆறு மாதம் அலைச்சல். ஓட்டிப் பாருங்கள், பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, மூன்றாவது கியர் நழுவுகிறதா, எழுதி வையுங்கள். சேசிஸ் பின்பகுதியில், லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டை வில்) மாட்டும் இடங்களில் சின்ன சுத்தியால் தட்டுங்கள். 'டங்' என்றால் நல்ல இரும்பு. 'பொத்' என்றால் வேறு வண்டி பாருங்கள். வாங்கியபின் அந்த வண்டி இனிச் சாலைக்கு வராது என்பதால், ஆர்.டி.ஓ.வில் பதிவை முறைப்படி ரத்து செய்துவிடுங்கள்.

இடம்: அடுக்ககம் வேண்டாம். கிரைண்டர் பொறி பக்கத்து வீட்டுக்காரர் கார் கண்ணாடியில் பட்டால் அன்றோடு கதை முடிந்தது. வீட்டு இணைப்பின் மின்சார அளவும் வெல்டிங் மெஷினுக்குப் பெரும்பாலும் போதாது. பீன்யா, பொம்மசந்திரா பக்கம் ஷெட்டில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடியுங்கள், இல்லையென்றால் ஓசூர். ஓசூரில் லேத், வெல்டிங், பவுடர் கோட்டிங் எல்லாம் கூப்பிடு தூரத்தில். மேஸ்திரியிடம் தமிழில் சண்டை போடலாம் என்பது கூடுதல் வசதி.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஹாட் ராட் கட்ட ஆரம்பித்துப் பாதியில் நின்ற வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே நோய்: முதல் மாதத்திலேயே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிவிடுவது. கழற்றுவது சுகமான வேலை, சாயங்காலத்துக்குள் கண்ணுக்குத் தெரியும்படி ஏதோ நடந்திருக்கும். மாட்டுவதுதான் வருடக்கணக்கில் ஆகும். ஆகவே உங்கள் வண்டி எந்தக் கட்டத்திலும் நாலு சக்கரத்தில் நிற்க வேண்டும், தானாக ஷெட்டுக்கு வெளியே போய்த் திரும்பி உள்ளே வர வேண்டும். பாடியைத் தூக்கும்போது ஃபயர்வாலை, அதாவது எஞ்சினுக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் உள்ள இரும்புச் சுவரை, அறுக்காமல் விட்டுவிடுங்கள். பெடல், ஸ்டீயரிங் கம்பம், வயரிங் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. அதை விட்டுவைத்தால் பாதி வேலை மிச்சம். அசல் அமெரிக்க ராட் போல நீளமான மூக்கும் பின்தள்ளிய இருக்கையும் வராது. கொஞ்சம் உயரமாகவும் தெரியும். பரவாயில்லை, இது முதல் வண்டி.

சீட்டைப் பின்னால் தள்ளியே தீருவேன் என்று அடம் பிடித்தால் ஸ்டீயரிங் ஷாஃப்டை நீட்ட வேண்டியிருக்கும். அதை அறுத்து நடுவில் வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று எந்த மேஸ்திரி சொன்னாலும், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். பல் வெட்டிய ஷாஃப்டும் கம்பெனி யுனிவர்சல் ஜாயிண்டும் கொண்டுதான் நீட்ட வேண்டும்.

பாடியைக் கழற்றியதும் பிரேக்கும் ஸ்பிரிங்கும் அந்நியமாக நடந்துகொள்ளும். ஜிப்ஸியின் பின் ஸ்பிரிங் ஆள், சாமான், கூரை எல்லாம் சுமக்கச் செய்தது. அந்தச் சுமை இல்லாதபோது வண்டி ஆட்டுக்குட்டி போலத் துள்ளும். லீஃப்களில் ஒன்றை மட்டும் எடுத்து ஓட்டிப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொன்று. முனையில் கண், அதாவது வளையம், உள்ள மேல் லீஃபையும் அதற்கு அடுத்ததையும் தொடவே வேண்டாம். பிரேக்கில் ஆபத்து அதிகம். பின்புறம் லேசானதால் அழுத்திப் பிடித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி சுழன்றுவிடும். பெட்ரோல் டாங்கை இருந்த இடத்திலேயே விட்டு, பேட்டரியையும் ஸ்டெப்னியையும் பின்னால் கொண்டுபோங்கள். காலி மைதானத்தில் 20, 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்துப் பார்க்க, பக்கத்தில் ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று சொல்லட்டும். இன்னும் பின்னால் பூட்டினால், பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைப் போட வேண்டும். இதெல்லாம் முடிகிறவரை பெயிண்ட் பற்றிப் பேசாதீர்கள்.

பாடிக்கு ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிதான் முதல் தகடு. அட்டையில் வெட்டி ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயில் எலும்புக்கூடு, அதன்மேல் 18 கேஜ் தகடு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வெல்டிங் செய்தால் வரும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், பூச்சு இல்லாத சி.ஆர். தகடாக வாங்குங்கள். ஒரு தடவை கரூர் போய் பஸ் பாடி கட்டுவதை ஒரு நாள் நின்று பாருங்கள். தகட்டை வளைக்கும் முன் கூட்டை எப்படி நேராக நிறுத்துகிறார்கள் என்பதை அங்கே கண்ணால் கற்றுக்கொள்ளலாம். சேசிஸில் எதை வெல்டிங் செய்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், எஞ்சின் கம்ப்யூட்டர் பிளக்கை உருவுங்கள், பெட்ரோல் டாங்கை இறக்கி ஷெட்டுக்கு வெளியே வையுங்கள். வேலை முடிந்தபின் அதே இடத்தில் மாட்டினால் போதும். ஒரே இடத்தில் நீளமாக இழுத்தால் இரும்பு சூட்டில் கோணிக்கொள்ளும், இந்தப் பக்கம் ஓர் அங்குலம், எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம் என்று மாறி மாறிப் போடுங்கள். ஆரம்பிக்கும் முன்னும் முடித்தபின்னும் சேசிஸின் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கூரை இல்லாத வண்டியாதலால் வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க இருக்கைக்குப் பின்னால் வளைகுழாய் ஒன்று கட்டாயம். அது தகட்டில் அல்ல, சேசிஸில் நிற்க வேண்டும். நீங்கள் இப்போதுதான் கற்றுக்கொள்வதால் அந்த ஒரு வெல்டிங்கை மட்டும் கை தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

பணத்தில் 2 லட்சத்தை இன்றே தனியாக ஒதுக்கி மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். கடைசிக் கட்டத்து ஹோஸ், கேபிள், போல்ட், டயர் எல்லாம் விழுங்கும் காசு அது.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்றுதானே கேட்டீர்கள்? ஹெரால்டிலிருந்து. அதை உயிர்ப்பித்தால்தான் ஜிப்ஸி வாங்கும் கை வரும். வாலாஜாபேட்டை போனதும் சாவியைத் திருகிவிடாதீர்கள், பதினைந்து வருடம் தூங்கிய எஞ்சின் அது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு வாரம் விடுங்கள். மாமனாரிடம் சொல்லித் தினமும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லலாம், அவருக்கும் ஒரு வேலை. அடுத்த வாரம் கையால் எஞ்சினைச் சுற்றிப் பாருங்கள். முழுச்சுற்று வந்தால் பழைய பெட்ரோலையும் ஆயிலையும் வடித்து, டாங்கைக் கழுவி, பிரேக் ரப்பர்களை மாற்றி, அதன்பிறகு பேட்டரி. முன் பானெட் முழுசாக முன்பக்கம் கவிழும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பெங்களூருக்குக் கொண்டுவந்தபின் புகை கறுப்பாக வந்தால் பயப்படாதீர்கள். இந்த ஊர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெல்லிசு. கீழே ட்யூன் செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கலக்கும். கலவைத் திருகைக் கொஞ்சம் திருத்தினால் சரியாகிவிடும்.