கல்யாணத்துக்கு முன்னாடி சுருட்டை முடிய ஸ்ட்ரெயிட் பண்ணிக்கலாமா டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர், எனக்கு 26 வயசு, ஊரு தூத்துக்குடி. சின்ன வயசுல இருந்தே சுருட்டை முடி, ஸ்கூல்லயே பரட்டைன்னுதான் கூப்பிடுவாங்க. வைகாசில கல்யாணம், இன்னும் மூணு மாசம் இருக்கு. மாப்பிள்ளையோட அக்கா போன வாரம் வந்தப்ப முடிய மட்டும் நேராக்கிட்டா போட்டோவுல அம்சமா இருக்கும்னு சொன்னாங்க, அம்மாவும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. பார்லர்ல கேட்டா கெரட்டின் பண்ணிக்கோங்க, அதுல கெமிக்கலே கிடையாது, வெறும் புரோட்டீன்தான்னு சொல்றாங்க. ஐப்பசில டெங்கு வந்துச்சு, பொங்கல்ல இருந்து முடி கொத்து கொத்தா கொட்டுது. இந்த நேரத்துல பண்ணலாமா? பண்ணா நிரந்தரமா நேரா இருக்குமா? நாளைக்கு குழந்தை அது இதுன்னு வரும்போது ஏதாவது பிரச்சனை வருமா?

பதில்: இப்ப வேண்டாம்மா. மத்ததெல்லாம் பொறுமையா சொல்றேன், முதல்ல இத சொல்லிடறேன், ஏன்னா பார்லர்ல அட்வான்ஸ் கட்டிட்டுதான் பாதிப் பேரு எங்கிட்ட கேக்கவே வர்றாங்க.

முதல்ல அந்த முடி கொட்டுறது. டெங்கு, டைபாய்டு, பெரிய ஆபரேஷன், பிரசவம் இந்த மாதிரி உடம்பு ஒரு தடவ ஆடிப்போனா வளந்துக்கிட்டு இருக்கற முடில ஒரு பங்கு வளர்ச்சிய நிறுத்திட்டு ஓய்வுக்குப் போயிடும், ஓய்வுக்குப் போன முடி அன்னைக்கே விழாது, ரெண்டு மூணு மாசம் தலையிலயே உக்காந்திருந்துட்டு அப்புறம்தான் கொட்டும். ஐப்பசில காய்ச்சல், தையில கொட்ட ஆரம்பிச்சிருக்கு, கணக்கு சரியா வருது பாருங்க. வழுக்கை விழுந்துடுமோன்னு பயப்படாதீங்க, பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள தானா நின்னுடும், விழுந்த எடத்துல புது முடியும் வந்துடும். ஆனா கொட்டிக்கிட்டு இருக்கும்போதே மருந்து தடவி சூடான அயர்ன் வச்சு இழுத்தா, ஏற்கனவே வேர்ல பிடிப்பு விட்ட முடி அன்னைக்கே கையோட வரும், நல்லா இருக்கற முடியும் நடுவுல முறியும், அப்புறம் எது டெங்குவால போச்சு எது பார்லரால போச்சுன்னு எனக்கே பிரிச்சு சொல்ல முடியாது.

அடுத்தது நிரந்தரமான்னு கேட்டீங்க. முறுக்கு அச்சு தெரியும்ல, அச்சுல ஓட்டை எந்த வடிவமோ மாவு அந்த வடிவத்துலதான வரும். தலையில முடி வர்ற குழியும் அப்படித்தான், நேரான முடிக்காரங்களுக்கு குழி நேரா கிட்டத்தட்ட வட்டமா இருக்கும், உங்களுக்கும் எனக்கும் (ஆமா, எனக்கும் சுருட்டைதான்) குழியே வளைஞ்சு, முடி கொஞ்சம் தட்டையா வெளிய வருது. பார்லர்ல மாத்துறது பிழிஞ்சு விழுந்த முறுக்க, அச்ச இல்ல. மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்குல வேர்ல இருந்து மறுபடியும் சுருட்டையாதான் வளரும், ஆறாவது மாசம் மேல ரெண்டரை இஞ்சு சுருட்டை, கீழ குச்சி மாதிரி நேரு, அந்த ரெண்டும் சேர்ற எடம்தான் ரொம்ப பலவீனமான எடம், சீப்பு வச்சா அங்கதான் உடையும். அத மறைக்க மறுபடி டச்சப், மறுபடி காசு. ஒரு தடவ பண்றதுன்னு யாரும் நிறுத்துறதில்ல, இதுதான் எனக்கு இதுல பிடிக்காத விஷயமே.

இப்ப அந்த "கெமிக்கலே இல்ல" கதைக்கு வருவோம். வீட்டுல அயர்ன் பண்ணா முடி நேராகும், வேர்த்தாலோ தண்ணி பட்டாலோ பழையபடி சுருண்டுக்கும், ஏன்னா சூடு உடைக்கறது தண்ணி பட்டா திரும்ப சேந்துக்கற சின்ன பிணைப்ப மட்டும்தான். முடிக்குள்ள கந்தகப் பிணைப்புன்னு ஒண்ணு இருக்கு, அதுதான் வடிவத்த இறுக்கிப் பிடிச்சிருக்கறது. அத உடைச்சு மாத்தாம, இல்லன்னா நேரான நிலையில புதுசா வேற பிணைப்பு போடாம மாசக்கணக்குல நேரா நிக்கவே நிக்காது, அதுக்கு கெமிக்கல் இல்லாம வழியும் இல்ல. ரீபாண்டிங்னா அம்மோனியம் தயோகிளைக்கலேட்னு ஒரு கிரீம் போட்டு பிணைப்ப உடைச்சு, அயர்ன் வச்சு நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு அந்த நேரான நிலையிலயே திரும்பக் கோக்கறாங்க. ஸ்மூத்தனிங்னு சொல்றது முக்கால்வாசி அதேதான், கொஞ்சம் மைல்டு, பேரு மட்டும் வேற. வெளிநாட்டுல ரிலாக்ஸர்னு ஒண்ணு உண்டு, சோடியம் ஹைட்ராக்சைடு, காஸ்டிக் சோடாவேதான், தோல்ல பட்டா வெந்துடும்.

கெரட்டின்னு சொல்றாங்களே அது வேற வகை. பாட்டில்ல கெரட்டின் இருக்கலாம், ஆனா முடிய நேரா பிடிச்சு நிக்க வைக்கறது அந்த புரோட்டீன் இல்ல, கூட இருக்கற ஃபார்மால்டிஹைட், இல்லன்னா அதோட பங்காளி மெத்திலீன் கிளைக்கால். தண்ணில கரைச்ச ஃபார்மால்டிஹைடதான் ஃபார்மலின்ங்கறோம். நான் மெடிக்கல் காலேஜ் முதல் வருஷம் அனாட்டமி ஹாலுக்குள்ள நுழைஞ்சப்ப கண்ணெல்லாம் எரிஞ்சு தண்ணியா ஊத்துச்சு, அங்க பிணத்த கெடாம வைக்கறது அதுதான், இத்தன வருஷம் கழிச்சும் சில பார்லர் வாசல்ல நின்னா அதே வாடை வருது எனக்கு. 2018ல மீன்ல ஃபார்மலின் கலக்கறாங்கன்னு சேதி வந்தப்ப சென்னையில எத்தன பேரு மீன் வாங்கவே யோசிச்சாங்க, அதையே தலையில தடவி 230 டிகிரி அயர்ன் வச்சு ஆவியாக்கி மூக்குல இழுக்கறதுக்கு நாமளே ஆயிரக்கணக்குல காசு குடுக்கறோம். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே இத மனுஷங்களுக்கு புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு சொல்லிடுச்சு. உங்களவிட, நாள் முழுக்க அந்தப் புகையிலயே நிக்கற பார்லர் பொண்ணுங்கள நினைச்சாதான் எனக்குப் பாவமா இருக்கும். ஃபார்மால்டிஹைட் ஃப்ரீன்னு லேபிள் ஒட்டியிருக்குன்னும் நம்பிடாதீங்க, அமெரிக்காவுல 2011ல தொழிலாளர் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விட்டதே அப்படி லேபிள் ஒட்டுன சரக்குலயும் அது இருந்ததாலதான்.

சரி ஃபார்மால்டிஹைட் வேண்டாம்னு இப்ப நிறைய கம்பெனி கிளைஆக்ஸிலிக் ஆசிடுக்கு மாறிட்டாங்க, அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. தலைத்தோல் வழியா உள்ள போனா அது உடம்புல ஆக்சலேட்டா மாறுது, ஆக்சலேட் படிகமாகி கிட்னி குழாய்ல போய் அடைச்சுக்குது. 2024ல பிரான்ஸ் டாக்டருங்க ஒரு 26 வயசுப் பொண்ணப் பத்தி எழுதினாங்க, உங்க வயசுதான், மூணு தடவ ஸ்ட்ரெயிட்டனிங் பண்ணியிருக்கா, மூணு தடவையும் தலையில எரிச்சல், வாந்தி, முதுகு வலி, மூணு தடவையும் கிட்னி பாதிப்பு, அந்த கிரீம்ல 10 சதவீதம் இந்த ஆசிட். இஸ்ரேல்லயும் இதே மாதிரி 26 பேர கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க. நல்லவேளை, இதுல பெரும்பாலானவங்களுக்கு கிட்னி திரும்ப சரியாயிடுச்சு. பண்ற எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சொல்லல, அரிதுதான். ஆனா பண்ணிட்டு வந்த ரெண்டு மூணு நாள்ல வாந்தி, முதுகு வலி, ஒண்ணுக்கு கம்மியா போறதுன்னு இருந்தா கேஸ் டிரபிள்னு ஓமவாட்டர் குடிச்சுட்டு உக்காந்திருக்காம கிரியேட்டினின் டெஸ்ட் (கிட்னி ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கற ரத்தப் பரிசோதனை) பண்ணணும், தலையில என்ன போட்டீங்கன்னு டாக்டர்கிட்ட வாயத் திறந்து சொல்லணும். தலைக்கும் கிட்னிக்கும் சம்பந்தம் இருக்கும்னு யாருக்கும் தோணாது, அதனால டாக்டரும் கேக்க மாட்டாரு.

குழந்தை விஷயம் கேட்டீங்க. ஒரு தடவ பண்ணா குழந்தை பிறக்காதுன்னு வாட்ஸப்ல வர்றத நம்பாதீங்க. கர்ப்பமா இருக்கும்போதும் பால் குடுக்கும்போதும் மட்டும் வேண்டாம், அப்ப ரிஸ்க் எடுத்துப் பண்ற அளவுக்கு இது ஒண்ணும் அவசியமானது இல்ல. கர்ப்பப்பை கேன்சர் பத்தியும் ஒரு சேதி சுத்துது, அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. 2022ல அமெரிக்காவுல சுமாரா 34 ஆயிரம் பொம்பளைங்கள கிட்டத்தட்ட 11 வருஷம் பின்தொடர்ந்து பாத்தாங்க, ஸ்ட்ரெயிட்டனரே போடாதவங்களுக்கு 70 வயசுக்குள்ள கர்ப்பப்பை கேன்சர் வர்ற வாய்ப்பு 1.64 சதவீதம், வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல போட்டவங்களுக்கு 4.05. இது தொடர்புதான், இதனாலதான் வந்துச்சுன்னு நிரூபணம் இல்ல, அங்க போடற சரக்கும் நம்ம ஊரு சரக்கும் ஒரே மாதிரியும் இல்ல. வாழ்க்கையில ஒரு தடவ பண்ணவங்க இத நினைச்சு தூக்கத்த கெடுத்துக்க வேண்டாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ போறவங்கதான் யோசிக்கணும்.

இவ்ளோ சொன்னதால நான் ஸ்ட்ரெயிட்டனிங்குக்கே எதிரின்னு நினைச்சுக்காதீங்க. கொட்டுறது முழுசா நின்னு ஒரு ஆறு மாசம் போகட்டும், அப்பவும் உங்களுக்கே ஆசையா இருந்தா (அக்காவுக்கு இல்ல, உங்களுக்கு) பண்ணிக்கோங்க, உங்க தலை உங்க இஷ்டம். கண்ணு எரியற புகை வர்ற கெரட்டினவிட, நல்லா கை பழகுன ஆளு பண்ற ரீபாண்டிங் பரவாயில்லன்னுதான் நான் சொல்வேன். பாட்டில கையில வாங்கி என்னென்ன போட்டிருக்குன்னு படிங்க, படிக்க விடலைன்னா எந்திரிச்சு வந்துடுங்க. கருப்பு மெஹந்தி, ஹேர் டை போட்டிருந்தா மறைக்காம சொல்லுங்க, சில பாக்கெட் மெஹந்தில இருக்கற உலோக உப்பும் பெராக்சைடும் சேந்தா முடி சூடாகி அப்படியே பொடியும். காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாக்கணும், கிரீம் வேர்ல படாம கொஞ்சம் தள்ளித்தான் போடணும், தலையில புண்ணோ சொறிஞ்ச காயமோ இருக்கற அன்னைக்கு போகவே கூடாது.

இன்னொண்ணு, கல்யாணத்துக்கு நேரான முடிதான் வசதின்னு யாரு சொன்னா? பண்ணின கையோட மூணு நாள் தலைக்குத் தண்ணி ஊத்தாதே, கட்டாதே, கிளிப் போடாதேம்பாங்க, எண்ணெய் கிட்டயே வரக்கூடாதும்பாங்க, நலங்குல பெரியவங்க வரிசையா வந்து எண்ணெய் வச்சு சீயக்காய் வைப்பாங்களே அப்ப என்ன பண்ணுவீங்க? அதவிட வழவழன்னு இருக்கற முடில நாலு முழம் மல்லியும் சவுரியும் ஜடை பில்லையும் நிக்காம வழுக்கிக்கிட்டே இருக்கும், மேக்கப் போடற பொண்ணு கொண்டை ஊசியா குத்தித் தள்ளுவா. சுருட்டை முடி பூவ கவ்விப் பிடிச்சுக்கும், பின்னலும் தடியா தெரியும். ரிசப்ஷனுக்கு மட்டும் விரிச்சு விட ஆசையா இருந்தா அன்னைக்கு சாயங்காலம் ஹீட் புரொடெக்டன்ட் தடவி புளோ டிரை பண்ணிக்கோங்க, நாலு மணி நேரம் தாங்கும், அது போதும் போட்டோவுக்கு.

பரட்டைன்னு நீங்க சொல்றதுல பாதி உங்க முடி இல்ல, தூத்துக்குடி உப்புக் காத்தும் போர் தண்ணியும், அப்புறம் காஞ்ச தலையில நெருக்கமான பல்லு சீப்பப் போட்டு வாரறதும். சுருட்டை முடிய காஞ்ச பிறகு சீவுனா பஞ்சு மாதிரி எழும்பத்தான் செய்யும். குளிக்கறதுக்கு முந்தின ராத்திரி தேங்கா எண்ணெய், அது மத்த எண்ணெய் மாதிரி மேலயே நிக்காம முடிக்குள்ள இறங்கும். வாரத்துக்கு ரெண்டு தடவ மைல்டான ஷாம்பு, நுனிக்கு தாராளமா கண்டிஷனர், அது தலையில இருக்கும்போதே அகலப் பல்லு சீப்பால கீழ இருந்து மேல சிக்கெடுங்க. கடைசி சொம்பு மட்டும் நல்ல தண்ணி ஊத்திக்கோங்க, குடிக்க வாங்கற கேன் தண்ணியா இருந்தாலும் சரி. துண்டால பரபரன்னு தேய்க்காம பழைய காட்டன் பனியனால ஒத்தி எடுத்துட்டு அப்படியே விட்டுடுங்க, காயற வரைக்கும் கை வைக்காதீங்க. ஒரு மாசம் பண்ணிப் பாத்துட்டு அந்த அக்காவுக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல சேத்து வச்சிருக்கற இரும்புச்சத்தோட அளவு), தைராய்டு மூணும் இந்த வாரமே பாத்துடுங்க, டெங்குவுக்கு மேல இரும்புச்சத்தும் குறைஞ்சிருந்தா கொட்டுறது நிக்க இன்னும் நாளாகும். ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு பக்கத்துல ஒரு தோல் டாக்டர நேர்ல பாருங்க, போற அன்னைக்கு தலையில எண்ணெய் வைக்காம போங்க, இல்லன்னா ஸ்கால்ப் ஒண்ணும் தெரியாது.