‘செட்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

உண்மையில் அது ஒரே சொல் இல்லை. இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன.

ஒன்று பழைய ஆங்கிலத்தின் ‘செட்டன்’, அதாவது உட்கார வைப்பது. ‘சிட்’டின் பிறவினை, நம் திருந்து, திருத்து மாதிரி. மேசையில் தட்டுகளை எடுத்து வைத்தாலும், அலாரம் வைத்தாலும், விலகிய எலும்பைப் பொருத்தினாலும் ‘செட்’தான். அப்புறம் அதுவே தன்வினையாகவும் மாறிவிட்டது: ஜெல்லி இறுகுவதும் சூரியன் சாய்வதும் இப்படித்தான்.

இன்னொன்று, கூட்டம் என்ற பொருளில் லத்தீன் ‘செக்டா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘செட் தோசை’, ‘எங்க செட்டு பசங்க’ எல்லாம் இந்த வம்சம்.

1989-இல் வெளியான ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள் தந்தது. நம்மூர் ‘எனக்கும் அவனுக்கும் செட் ஆகலை’ அந்தக் கணக்கில் சேராது!